ஃபார்மேட் போட்டாச்சா?

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்திய நாள் 2025 அக்டோபர் 14. மறுநாள் காலை ஏழு மணிக்கே சித்தப்பாவிடமிருந்து போன் வந்துவிட்டது.

"ஏப்பா, பத்து முடிஞ்சுபோச்சாம்ல? பேப்பர்ல போட்டிருக்கான். நீ எப்ப வர்ற? வந்து ஒரு ஃபார்மேட் அடிச்சு விட்டுட்டுப் போ."

"ஃபார்மேட் எதுக்கு சித்தப்பா? அப்படியே பதினொண்ணுக்கு அப்கிரேட் பண்ணிக்கலாமே."

"அதெல்லாம் வேணாம். வண்டி ரொம்ப ஸ்லோவா இருக்கு. சுத்தமா அடிச்சிரு."

சித்தப்பா ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். கம்ப்யூட்டரை வண்டி என்றுதான் சொல்வார். அவருக்கு மட்டுமல்ல, என் சொந்தக்காரர்களில் பாதிப் பேருக்கு ஃபார்மேட், அதாவது டிஸ்க்கை அழித்துவிட்டு விண்டோஸை முதலிலிருந்து போடுவது, ஒரு சர்வரோக நிவாரணி. அந்தக் காலத்தில் பிள்ளைக்குக் காய்ச்சலா, சொறியா, சாப்பிட மறுக்கிறதா, எதுவாக இருந்தாலும் விளக்கெண்ணெய் கொடுத்து வயிற்றைக் கழுவிவிடுவார்களே, அதே மாதிரி. நெட் வரவில்லையா, பிரிண்டர் ஓடவில்லையா, வீட்டில் பையன் என்னத்தையோ இறக்கி வைத்துவிட்டானா, ஃபார்மேட் அடி.

அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. இந்த நம்பிக்கையை ஊருக்குள் விதைத்தவர்களில் நானும் ஒருவன். 2002 முதல் நான்கு வருடம் மதுரையில் சிம்மக்கல் பக்கம் ஒரு சர்வீஸ் கடையில் இருந்தேன். வாரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு சிபியு வரும். எதைக் கேட்டாலும் எங்கள் பதில் ஒன்றுதான்: "ஓஎஸ் போட்டாத்தான் சரியாகும்ணே. முந்நூறு ரூபா ஆகும்." ஓஎஸ் என்றால் விண்டோஸ் மாதிரியான இயங்குதளம்.

அதற்கு அப்போது நியாயமும் இருந்தது. விண்டோஸ் 98-இல் எந்த மென்பொருள் வேண்டுமானாலும் சிஸ்டம் ஃபோல்டருக்குள் தன்னுடைய டிஎல்எல் கோப்பை, அதாவது பல மென்பொருள்கள் பகிர்ந்துகொள்ளும் துணைக் கோப்பை, கொண்டு வந்து போடலாம். அதே பெயரில் ஏற்கெனவே ஒன்று இருந்தால் அதன் மேலேயே எழுதிவிட்டும் போகலாம். ஒரு கேமைப் போட்டால் டைப்பிங் சாஃப்ட்வேர் ஓடாது. அந்த கேமை எடுத்துவிட்டாலும் டைப்பிங் சாஃப்ட்வேர் திரும்பி வராது. யார் எதைக் கொண்டு வந்தார்கள், யார் எதைக் கெடுத்தார்கள் என்று கண்டுபிடிக்க ஒரு நாள் ஆகும். அழித்துவிட்டு முதலிலிருந்து போட இரண்டு மணி நேரம் போதும். கடைக்காரன் எதைச் செய்வான்?

பூட் ஃப்ளாப்பியைப் போட்டு, எஃப்டிஸ்க் என்ற கருவியால் டிஸ்க்கைப் பார்ட்டிஷன்களாக, அதாவது தனித்தனிப் பகுதிகளாகப் பிரித்து, கறுப்புத் திரையில் ஃபார்மேட் சதவீதம் ஒவ்வொன்றாக ஏறுவதைப் பார்த்துக்கொண்டு டீ குடிப்போம். விண்டோஸ் எக்ஸ்பி வந்த பிறகு திரையின் இடது ஓரத்தில் 'இன்னும் 39 நிமிடம்' என்று ஒரு கணக்குக் காட்டும். அந்த 39 நிமிடம் எந்த ஊர்க் கடிகாரத்திலும் 39 நிமிடமாக இருந்ததில்லை. கொஞ்சம் விவரம் கூடியதும் கோஸ்ட் என்ற மென்பொருள் வந்துவிட்டது. எக்ஸ்பி, பிரிண்டர் போன்றவற்றை இயக்கும் டிரைவர், ஆஃபீஸ் எல்லாம் போட்டு முடித்த ஒரு டிஸ்க்கை அப்படியே ஒரே கோப்பாகச் சுருட்டி வைத்துக்கொள்வது. அடுத்து அதே மதர்போர்டோடு ஒருவர் வந்தால் பத்து நிமிடத்தில் விரித்துப் போட்டுவிடுவது. வாடிக்கையாளரிடம் மட்டும் "சாயங்காலம் வாங்கண்ணே" என்போம். பத்து நிமிட வேலைக்கு முந்நூறு ரூபாய் என்று தெரிந்தால் யார் கொடுப்பார்கள்?

அதாவது, சுத்தமாக அழித்துப் போடுவது என்பது முதலில் மெக்கானிக்கின் வசதிக்காக வந்தது. கம்ப்யூட்டரின் நன்மைக்காக என்பதெல்லாம் நாங்கள் அப்புறம் ஒட்டிக்கொண்ட லேபிள்.

சுத்தம் என்றால் பாதுகாப்பு என்பதும் அப்படித்தான். 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் என்ற கணினிப் புழு வந்தபோது அது எனக்குப் புரிந்தது. ஒரு வீட்டுக்குப் போய் எக்ஸ்பி-யைப் புதிதாகப் போட்டேன். எல்லாம் பளிச்சென்று இருந்தது. அப்டேட் எடுக்கலாம் என்று நெட் கேபிளைச் சொருகினேன். கொஞ்ச நேரத்தில் நடுத்திரையில் ஒரு பெட்டி: கம்ப்யூட்டர் 60 விநாடியில் அணையப்போகிறது. 59, 58, 57. அணைந்து எழுந்தது. மறுபடி கேபிள், மறுபடி 60. நான் எந்தக் கோப்பையும் திறக்கவில்லை, எந்தத் தளத்துக்கும் போகவில்லை. அந்தப் புழு நெட்டில் தானாகவே அலைந்து, ஓட்டை உள்ள விண்டோஸைத் தேடிப் பிடித்துக்கொள்ளும். அந்த ஓட்டையை அடைக்கும் பேட்ச் ஜூலையிலேயே வந்துவிட்டது. ஆனால் என் கையில் இருந்த சிடி அதற்கு முந்தையது. வெளியிலிருந்து நெட் வழியே நுழைவதைத் தடுக்கும் ஃபயர்வால் எக்ஸ்பி-யில் இருந்தது. ஆனால் அது முதலிலிருந்தே இயங்கும்படி வந்தது 2004 ஆகஸ்டின் சர்வீஸ் பேக் 2-இல்தான். ஒழுங்காக அப்டேட் வாங்கிக்கொண்டிருந்த பழைய எக்ஸ்பி-யில் அந்த ஓட்டை அடைபட்டுவிட்டது. என்னுடைய புத்தம் புது எக்ஸ்பி-தான் கதவைத் திறந்து போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கடைக்குத் திரும்பிப் போய் பேட்சை சிடி-யில் எழுதி எடுத்து வந்து, அதைப் போட்ட பிறகே கேபிளைச் சொருகினேன். அன்றிலிருந்து புது இன்ஸ்டால் என்றால் நெட் கடைசியில்தான் என்ற பழக்கம் ஒட்டிக்கொண்டது. இன்றைக்கு அது தேவையில்லை. ஆனாலும் கை கேட்பதில்லை.

ஆனால் என்னைத் திருத்தியது பிளாஸ்டர் இல்லை. ஓர் அச்சகக்காரர்.

2005 என்று நினைவு. எங்கள் கடையிலிருந்து நான்கு கடை தள்ளி அவருக்கு ஒரு சின்ன டிடிபி சென்டர். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர். மதுரையில் போஸ்டருக்குப் பஞ்சமா? பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் மென்பொருள் திறக்கவே ஐந்து நிமிடம் ஆகிறது என்று சிபியு-வைத் தோளில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"பேக்கப் எடுக்கணுமாண்ணே?"

"வேணாம் தம்பி. என் ஃபைல் எல்லாம் டி-யில இருக்கு. சி-யில ஒண்ணுமில்ல, அடிச்சுக்க."

சி-யில் ஒன்றுமில்லை. இதைவிட ஆபத்தான வாக்கியத்தை அந்தத் தொழிலில் நான் கேட்டதில்லை. அன்று அது எனக்குத் தெரியாது. விண்டோஸ் இருக்கும் பகுதியான சி-யை அடித்தேன், எக்ஸ்பி போட்டேன், பேஜ்மேக்கர் போட்டேன், திறந்து காட்டினேன். சட்டென்று திறந்தது. அவருக்கு மகா சந்தோஷம்.

ராத்திரி எட்டு மணிக்குக் கடைக்கு வந்து நின்றார். திட்டவில்லை. "தம்பி, எழுத்து போயிருச்சே" என்றார்.

போய்ப் பார்த்தேன். டி-யில் அவருடைய ஐந்து வருட வேலை ஒரு கோப்புக் குறையாமல் இருந்தது. திறந்தால் எல்லாம் ஆங்கில எழுத்து. தமிழ் எழுத்துருக்கள் இருந்த இடம் விண்டோஸுக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டர். அது சி-யில் அல்லவா இருக்கும்!

எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் தரும் யுனிகோடோடு வளர்ந்தவர்களுக்கு இதன் விபரீதம் புரியாது. அந்தக் காலத்து எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்திக்கொண்டவை. உதாரணமாக, பாமினி என்ற எழுத்துருவில் 'தமிழ்' என்று அடித்து, அதைப் பாமினி இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஓர் அரைப்புள்ளி என்று ஐந்து குறிகள் வரிசையாக நிற்கும். கோப்பில் இருப்பதே அதுதான். தமிழ் அதற்குள் இல்லை, எழுத்துருவில் இருந்தது. ஒவ்வோர் எழுத்துருக் குடும்பத்துக்கும் போர்த்திக்கொள்ளும் முறை வேறு. எனவே கைக்குக் கிடைத்த எதையோ போட்டுச் சமாளிக்கவும் முடியாது. தமிழக அரசு யுனிகோடைத் தன் தரங்களில் ஒன்றாக ஏற்றதே 2010-இல்தான். இந்த ஊர் அச்சகங்கள் அதற்குள் ஒரு தலைமுறை வேலையைப் போர்வைத் தமிழில் அடித்து முடித்திருந்தன.

அவரிடம் நூற்றுக்கு மேல் எழுத்துருக்கள் இருந்தன. சில, விலை கொடுத்து வாங்கிய சிடி-யிலிருந்து வந்தவை. அந்த சிடி கீறல் விழுந்து கிடந்தது. மற்றவை ஒவ்வொரு வேலைக்கும் எங்கிருந்தோ வாங்கியவை, அவருக்கே நினைவில்லை. இரண்டு நாள் நானும் அவருமாக ஃப்ளாப்பியும் சிடி-யுமாகத் தெற்குமாசி வீதி வரை அச்சகம் அச்சகமாக அலைந்தோம். முக்கால்வாசி கிடைத்தது. கிடைத்ததிலும் சிக்கல். பெயர் ஒன்றாக இருக்கும், பதிப்பு வேறாக இருக்கும், எழுத்தின் அகலம் ஒரு மயிரிழை மாறியிருக்கும். பத்திரிகையின் கீழே இரண்டு வரியில் அடங்கியிருந்த உற்றார் உறவினர் பட்டியல் மூன்றாவது வரிக்கு இறங்கிவிடும். ஒரு கல்யாணப் பத்திரிகையில் எல்லாம் சரியாக வந்து, 'சிரஞ்சீவி'யில் 'ஞ்' மட்டும் கட்டமாக நின்றது இப்போதும் கண்ணில் இருக்கிறது. மாப்பிள்ளை சிரஞ்சீவியாக இருக்க அரை நாள் ஆனது.

முந்நூறு ரூபாயை நான் வாங்கவில்லை. அவர் மேசை மேல் வைத்துவிட்டுத்தான் போனார்.

அதற்குப் பிறகு சி டிரைவைப் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது. அவுட்லுக் எக்ஸ்பிரஸ் மின்னஞ்சல்களை ஐந்தாறு ஃபோல்டர் ஆழத்தில், அதுவும் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்துவைக்கப்பட்ட ஃபோல்டருக்குள் வைத்திருக்கும். கணக்கு எழுதும் மென்பொருளான டேலியை அதன் போக்கில் இன்ஸ்டால் செய்திருந்தால் கணக்கு முழுவதும் சி-யில் இருக்கும். ஒரு மளிகைக் கடையின் மூன்று வருடக் கடன் பாக்கி அதற்குள் இருக்கும். யாரும் அங்கே வைக்கவில்லை, அதுவாகப் போய் உட்கார்ந்துகொண்டது. வீடு காலி செய்யும்போதுதான் பரணில் என்னென்ன கிடக்கிறது என்று தெரியவரும், இல்லையா? ஆனால் வீடு மாறும்போது பரணில் ஏறிப் பார்த்துவிட்டு இறக்குகிறோம். ஃபார்மேட்டில் பரணைப் பார்க்காமலே வீட்டை இடிக்கிறோம்.

அப்படியானால் அப்கிரேட்? அந்தக் கடையில் நாங்கள் அப்கிரேட் செய்ததே இல்லை. 98 மேல் எக்ஸ்பி-யைப் போட்டால் 98-இன் அழுக்கெல்லாம் எக்ஸ்பி-க்குள் வரும் என்பது எங்கள் வேதம். பெரும்பாலும் உண்மையும்கூட. பழைய கோப்புகள் இருந்த இடத்திலேயே புதியவற்றை ஒவ்வொன்றாகப் பொருத்துகிற வேலை அது.

எக்ஸ்பி-க்கு அடுத்து வந்த விஸ்டாவிலிருந்து மைக்ரோசாஃப்ட் வழியை மாற்றியது. விண்டோஸ் முழுவதையும் ஒரே படிமமாகச் சுருட்டி டிவிடி-யில் தந்தது. இன்ஸ்டால் என்றால் அந்தப் படிமத்தை விரிப்பது. எங்கள் கோஸ்ட் வேலையைக் கம்பெனியே செய்த மாதிரி. இன்றைய விண்டோஸில் அப்கிரேட் என்று நீங்கள் சொடுக்கும்போது உள்ளே நடப்பதும் ஏறக்குறைய ஒரு புது இன்ஸ்டால்தான். புதிய விண்டோஸ் முழுதாக ஒரு பக்கம் விரிகிறது. பழையது 'விண்டோஸ் ஓல்டு' என்ற ஃபோல்டருக்குள் தள்ளப்படுகிறது. பிறகு உங்கள் கோப்புகள், மென்பொருள்கள், அமைப்புகள், டிரைவர்கள் எல்லாம் புது வீட்டுக்குத் தூக்கிவரப்படுகின்றன. பிடிக்கவில்லையென்றால் பத்து நாளுக்குள் பழைய வீட்டுக்கே திரும்பிப் போகலாம். நாலைந்து முறை அணைந்து எழுவது இந்தச் சாமான் தூக்கும் வேலைக்குத்தான்.

இந்தத் தூக்கும் வேலை எவ்வளவு தூரம் தாங்கும் என்று பார்க்க, 2011-இல் ஒருவர் எம்எஸ்-டாஸ் 5-இல் தொடங்கி, விண்டோஸ் 1-இலிருந்து 7 வரை ஒரே மெய்நிகர் கணினியில் அப்கிரேட் மேல் அப்கிரேடாக ஏற்றி யூடியூபில் போட்டார். வந்து சேர்ந்துவிட்டது. வேலையற்ற வேலைதான், ஆனால் நான் முழுதாகப் பார்த்தேன்.

ஆக, அப்கிரேட் என்றால் அழுக்கு என்று இப்போது சொல்ல முடியாது. விண்டோஸின் உடம்பு புதிதாகவே வருகிறது. உங்கள் சாமான்கள்தான் பழையவை. நீங்கள் சேர்த்துவைத்த ஏழு டூல்பாரும், கம்ப்யூட்டர் எழும்போதே எழுந்து உட்காரும் பதினான்கு மென்பொருள்களும் பத்திரமாகக் கூடவே வரும். வேகக் குறைவுக்குக் காரணம் அவையென்றால், அப்கிரேட் உங்களுக்கு எதுவும் செய்யாது. அவற்றை எடுத்துவிட ஃபார்மேட் தேவையில்லை என்பது வேறு விஷயம்.

அப்கிரேட் என்றால் பத்திரம் என்றும் சொல்ல முடியாது. 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பு, டாக்குமென்ட்ஸ் போன்ற ஃபோல்டர்களை வேறு டிரைவுக்கு மாற்றிவைத்திருந்த சிலருக்கு, பழைய இடத்தில் தங்கிவிட்ட கோப்புகளை அழித்துவிட்டது. சில நாளிலேயே அதை நிறுத்தி, திருத்தி, நவம்பரில்தான் மறுபடி விட்டார்கள். அந்த மாற்றிவைக்கும் வேலையைச் செய்தவர்கள் யார்? கோப்பு சி-யில் இருக்கக் கூடாது என்று எங்களைப் போன்ற கடைக்காரர்கள் சொன்னதைக் கேட்ட கவனமான ஆசாமிகள்தான். பேக்கப் இரண்டுக்கும் வேண்டும். இதில் பேச ஒன்றுமில்லை.

எனக்கு இதில் உண்மையிலேயே சுவாரசியமான இடம் வேறு. அப்கிரேட் செய்த கணினிக்கும் புதிதாகப் போட்ட கணினிக்கும் பதிப்பு எண் ஒன்றாகவே இருக்கும். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. எங்கள் தெருவில் முப்பது வருடமாகக் குடியிருப்பவருக்குப் பழைய வாடகை. பக்கத்துப் போர்ஷனுக்குப் புதிதாக வந்தவருக்குப் புது வாடகை. ஒரே வீடு, ஒரே ஓனர். இயங்குதளங்களும் அப்படித்தான் நடந்துகொள்கின்றன.

விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பைப் புதிதாகப் போட்டு மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்ளே போனால், பெரும்பாலான கணினிகளில் டிஸ்க் தானாகவே மறையாக்கம் ஆகிவிடும், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டிக்கொள்ளும். 48 இலக்கச் சாவி அந்தக் கணக்கில் போய் உட்காரும். அதே 24எச்2-க்கு அப்கிரேட் ஆனவர்களுக்கு இது தானாக நடக்காது. இரண்டு பேருமே 'நான் 24எச்2' என்பார்கள். ஒருவருடைய டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டிக் கோப்பை எடுக்கலாம். இன்னொருவருடையதை அந்த 48 இலக்கம் இல்லாமல் எடுக்கவே முடியாது. ஃபார்மேட் அடித்துவிட்டு அந்த மின்னஞ்சல் கணக்கின் பாஸ்வேர்டையும் மறந்துவிடுகிறவரின் நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் இயங்குதளத்திலும் இதே கதை. என் சொந்த மடிக்கணினியில் டெபியன் என்ற லினக்ஸ் வகை. 2017-இல் டெபியன் 9 போட்டேன். 10, 11, 12 என்று இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஏறி, 2025 ஆகஸ்டில் 13 வந்ததும் அதற்கும் வந்துவிட்டேன். நடுவில் ஒருமுறைகூட அழித்துப் போடவில்லை. டெபியனில் படி தாண்டக் கூடாது. 11-லிருந்து நேராக 13-க்குப் போக முடியாது, 12-ஐ மிதித்துத்தான் போகவேண்டும். போகும் வழியில் அது ஒரு கேள்வி கேட்கும். எந்தக் காலத்திலோ நீங்கள் கைவைத்த ஓர் அமைப்புக் கோப்பைக் காட்டி, இதன் புதுப் பதிப்பு வந்திருக்கிறது, உங்களுடையதை வைத்துக்கொள்ளவா, புதியதைப் போடவா என்று. வித்தியாசத்தைக் காட்டு என்று கேட்டால் வரிவரியாகக் காட்டும். அதில் 2018-இல் நான் எழுதிய ஒரு வரியைப் பார்த்து, இதை ஏன் எழுதினேன் என்று பத்து நிமிடம் முழித்திருக்கிறேன். பெரும்பாலும் 'பழையதே இருக்கட்டும்' என்றுதான் சொல்வேன். எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். அப்படியே எட்டு வருடத்து 'இருக்கட்டும்'கள் சேர்ந்ததுதான் என் கணினி.

டெபியன் 13-ஐப் புதிதாகப் போட்டவர்களுக்குத் தற்காலிகக் கோப்புகள் வைக்கும் ஒரு ஃபோல்டரில் முப்பது நாளுக்கு மேல் தொடாமல் கிடப்பவற்றை அது தானாகவே துடைத்துவிடும். அப்கிரேட் ஆனவர்களுக்கு அப்படிச் செய்யாதே என்று ஒரு சின்னக் கோப்பை எழுதிவைத்துவிட்டுப் போகிறது. பழைய ஆள் அங்கே எதையாவது நம்பி வைத்திருப்பானே என்ற கரிசனம். உண்மையிலேயே வைத்திருந்தேன்.

மேக் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சண்டையே பாதி முடிந்துவிட்டது. 2019-இன் கேட்டலினா பதிப்பிலிருந்து இயங்குதளம் தனிப் பகுதியில், யாரும் எழுத முடியாதபடி இருக்கிறது. 2020-இன் பிக் சர் பதிப்பு அதற்கு முத்திரையும் வைத்துவிட்டது. எந்த வழியில் வந்தாலும் அந்தப் பகுதி ஒன்றேதான். மிச்சம் இருப்பது உங்கள் சாமான் மட்டும். கையில் இருக்கும் போனுக்கு மாதாமாதம் அப்டேட் வருகிறதே, அதற்கு யாராவது ஃபார்மேட் அடித்தா போடுகிறோம்?

சரி, சித்தப்பாவுக்கு வருவோம். தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது கையில் சுழலாத, வேகமான டிஸ்க்கான 512 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றும் ஒரு பென் டிரைவும் எடுத்துக்கொண்டு போனேன். சித்தியின் அதிரசத்தை ஒரு கையில் வைத்துக்கொண்டு சிபியு-வைத் திறந்தேன். 2018-இல் வாங்கியது, எட்டாம் தலைமுறை இன்டெல். விண்டோஸ் 11-க்குக் கேட்கும் தகுதியின் கடைசிப் படிக்கட்டில் நிற்கிறது. ஏழாம் தலைமுறையாக இருந்திருந்தால் கதை வேறு. உள்ளே சுழலும் 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். ஸ்லோவாக இருப்பதன் காரணம் அங்கேயே கரகரவென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. இதில் நூறு முறை ஃபார்மேட் அடித்தாலும் முதல் வாரம் ஓடும், இரண்டாவது மாதம் படுத்துவிடும்.

சி-யில் ஒன்றும் இல்லைதானே என்று கேட்கவில்லை. பரணில் நானே ஏறிவிட்டேன். டெஸ்க்டாப்பில் 'புது', 'புது 2', 'கோயில்', 'கோயில் கடைசி' என்று ஃபோல்டர்கள். குலதெய்வக் கோயில் வரிக் கணக்கு எக்செல்லில், பாஸ்வேர்டு போட்டு. பிரவுசரில் சேமித்து வைத்த பாஸ்வேர்டுகள் நாற்பத்தி சொச்சம். ஒன்றுகூட அவருக்குத் தெரியாது. அச்சுக்கு ஓடிக்கொண்டிருந்தது ஒரு பழைய பிரிண்டர். அதன் டிரைவர் சிடி போன திசை தெரியவில்லை. பிறகு ஃபான்ட்ஸ் ஃபோல்டரைத் திறந்தேன். கைப்பழக்கம். பாமினியும் அதன் பங்காளிகளுமாகப் பதினேழு. தங்கையின் கல்யாணப் பத்திரிகை டி-யில் இருந்தது. அதன் எழுத்து இங்கே இருந்தது.

இந்த ஆளுக்கு யாராவது ஃபார்மேட் அடிப்பார்களா?

பழைய டிஸ்க்கை எஸ்எஸ்டி-க்கு அப்படியே நகல் எடுத்தேன். மூன்று மணி நேரம் ஆனது. பழையதைக் கழற்றி, பேப்பரில் சுற்றி, தேதி எழுதி பீரோவில் வைத்தேன். அதைவிட நல்ல பேக்கப் கிடையாது. ஏதாவது தவறினால் பழையபடி மாட்டினால் முடிந்தது. கணினியை விற்ற கடையில் யாரோ விண்டோஸ் 10-ஐப் பழைய எம்பிஆர் என்ற டிஸ்க் பிரிப்பு முறையில் போட்டிருந்தார்கள். பதினொன்றுக்கு முன்னால் அதைப் புதிய முறையான ஜிபிடி-யாக மாற்றவேண்டும். அதற்கு விண்டோஸிலேயே ஒரு கருவி இருக்கிறது. மூன்று பிரைமரி பார்ட்டிஷனுக்கு மேல் இருந்தால் அது முடியாது என்றுவிடும். நல்லவேளை, மூன்றுதான். மாற்றிவிட்டு, கணினி எழும்போது முதலில் ஓடும் பயாஸில் புதிய முறையான யுஇஎஃப்ஐ-க்குத் திருப்பி, டிபிஎம் என்ற பாதுகாப்புப் பகுதியை இயக்கினேன்.

கடைசியில் ஓர் அல்ப விஷயம் அரை மணி நேரத்தைத் தின்றது. பென் டிரைவில் நான் கொண்டுபோயிருந்தது பிரிட்டிஷ் ஆங்கிலப் பதிப்பு; சித்தப்பாவிடம் இருந்தது அமெரிக்க ஆங்கிலம். மொழி ஒத்துவராவிட்டால் மென்பொருள்களை வைத்துக்கொள்ளும் வாய்ப்பு மங்கிப்போய்விடும், சொடுக்க முடியாது. அவசரத்தில் 'கோப்புகளை மட்டும் வைத்துக்கொள்' என்று தட்டியிருந்தால் பிரிண்டர் போயிருக்கும். போனில் ஹாட்ஸ்பாட் போட்டுச் சரியான பதிப்பை இறக்கினேன். அந்த மாத டேட்டா அங்கேயே தீர்ந்தது.

சாயங்காலம் ஆறு மணிக்குப் பதினொன்று எழுந்தது. சித்தப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பட்டனை அழுத்தியதற்கும் டெஸ்க்டாப் வந்ததற்கும் நடுவே, வழக்கமாக அவர் போய் முகம் கழுவிக்கொண்டு வருவாராம். இப்போது கண்ணாடியைத் துடைத்து முடிப்பதற்குள் வந்துவிட்டது. 'கோயில் கடைசி' இருந்த இடத்திலேயே இருந்தது. திறந்து, வரிக் கணக்கைக் கீழே வரை உருட்டிப் பார்த்தார். ஒரு பக்கம் பிரிண்ட் எடுத்துப் பார்த்தார். பத்திரிகையைத் திறந்தார். 'சிரஞ்சீவி' முழுதாக இருந்தார்.

"பாத்தியா, நான் சொன்னேன்ல? எங்க, இப்ப எப்படி ஓடுது பாரு. ஃபார்மேட் போட்டாச்சா?"

"போட்டாச்சு சித்தப்பா" என்றேன்.